முற்றத்து வானில் செவ்வாயின் பனி

2025-ஆம் ஆண்டு காணும் பொங்கல் இரவு. மணி பதினொன்றரை இருக்கும். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் முற்றத்தில் ஆறு அங்குல ஆடி வைத்த டாப்சோனியன் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தேன். பொங்கலுக்குக் கூடியிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக அப்பத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஐபீஸில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஓரத்துல சுண்ணாம்பைத் தொட்டு வச்சாப்ல இருக்கேப்பா" என்றார்.

"அது ஐஸ் அப்பத்தா. செவ்வாயோட வட துருவம்."

கண்ணை எடுக்காமலே கேட்டார்: "உருகுமா?"

செவ்வாயைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வெள்ளைப் புள்ளி மாதத்துக்கு மாதம் சிறுக்கிறது, பிறகு வளர்கிறது. வேறொரு கிரகத்தில் பருவம் மாறுவதை நம் வீட்டில் உட்கார்ந்தபடியே, சாதாரணக் கருவியில் பார்க்க முடிகிற ஒரே இடம் செவ்வாயின் துருவம்தான். அதிலும் வட துருவத்துப் பனியைப் பார்க்க நம் செட்டிநாட்டுப் பக்கம் வாய்த்த இடம். வரும் 2027 பிப்ரவரியில் செவ்வாய் மறுபடி பூமிக்கு நேர் எதிரே வருகிறது. "அது சின்ன வருகை, பெரிய வருகை 2035-இல், அதுவரை பொறுக்கலாம்" என்று பலர் சொல்கிறார்கள். பொறுக்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணம் கொஞ்சம் விரிவானது.

ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் ஒரே கோட்டில், பூமி நடுவில் இருக்கும்படி அமையும். இதை எதிர்நிலை என்பார்கள். அப்போது செவ்வாய் இரவு முழுக்கத் தெரியும், நமக்கு அருகிலும் இருக்கும். ஆனால் எல்லா எதிர்நிலையும் ஒன்றல்ல. செவ்வாயின் பாதை நன்றாகவே நீள்வட்டமானது. சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 20.7 கோடி கிலோமீட்டர், மிகத் தள்ளிப் போகும்போது 24.9 கோடி. அருகில் இருக்கும் சமயத்தில் எதிர்நிலை அமைந்தால் செவ்வாய் பெரிதாகத் தெரியும். தொலைவில் அமைந்தால் சிறிதாக. பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று படித்திருப்போமே, அந்த விகலைக் கணக்கில் (ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை) 2003 ஆகஸ்டில் செவ்வாயின் வட்டு 25 விகலை அகலம் இருந்தது. 2018 ஜூலையில் 24. அப்பத்தா பார்த்த 2025 ஜனவரியில் 14.6. 2027 பிப்ரவரி 19 அன்று 13.8 மட்டுமே, தூரம் 10 கோடி கிலோமீட்டருக்குச் சற்று மேல். எதிர்நிலை என்ற வகையில் இதைவிடச் சிறிதாகச் செவ்வாய் தெரிவது அரிது.

சிறிய வட்டு என்றால் நஷ்டம்தானே என்று தோன்றும். இங்கேதான் செவ்வாயின் சாய்வு குறுக்கே வருகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது போல செவ்வாயின் அச்சும் 25.2 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் அங்கேயும் நான்கு பருவங்கள். செவ்வாய் சூரியனுக்கு அருகில் வரும் காலத்தில் அதன் தென்பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். தொலைவில் போகும் காலத்தில் வடபாதி. அதாவது செவ்வாய் பெரிதாகத் தெரியும் வருகைகளில் நமக்குத் தென் துருவம்தான் தெரியும். வட துருவத்தை நன்றாகப் பார்க்கவேண்டுமென்றால் சிறிய வட்டோடுதான் பார்த்தாகவேண்டும், வேறு வழியில்லை. 2033 ஜூனுக்கும் 2035 செப்டம்பருக்கும் காத்திருப்பவர்கள் காத்திருப்பது தென் துருவத்துக்கு. வட துருவம் வேண்டுமென்றால் அடுத்த வாய்ப்பு 2027தான்.

அடுத்தது வானத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்பது. பெரிய வருகைகளின்போது செவ்வாய் வானத்தின் தென்பகுதியில் தாழ்ந்திருக்கும். 2018-இல் லண்டனில் இருந்தவர்களுக்கு உச்சியில் வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 13 பாகை உயரம்தான்; நமக்கு 55 பாகை. தாழ்ந்து நிற்கும் கிரகத்தின் ஒளி அடர்ந்த காற்றுப் படலத்தை நீளமாகக் கடந்து வருவதால் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். 2027-இல் செவ்வாய் சிம்ம ராசியில், வான நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 15 பாகையில் இருக்கும். காரைக்குடி 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கழித்துப் பாருங்கள்: நம் உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து வெறும் 5 பாகை விலகித்தான் அது கடந்து போகும். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நான்கு பக்கமும் சுவர், தெருவிளக்கு உள்ளே வராது, காற்று தொலைநோக்கியை ஆட்டாது, நடுவில் சதுரமான வானம். அந்தச் சதுரத்தின் நடுவாகச் செவ்வாய் நகர்ந்து போகும்.

சரி, அந்தப் பனி எதனாலானது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1666-இல் வானியலர் காசினி செவ்வாயின் துருவத்தில் வெள்ளைப் பகுதியைக் கண்டார். பிறகு மரால்டி, தென் துருவத்து வெள்ளை துருவப் புள்ளியின் மேலேயே சரியாக உட்கார்ந்திருக்கவில்லை, சற்று விலகி இருக்கிறது என்றும், அளவு மாறுகிறது என்றும் 1700-களின் தொடக்கத்திலேயே கவனித்துவிட்டார். அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் அது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் செவ்வாயின் சாய்வை அளந்து, அங்கே பருவங்கள் இருக்கவேண்டும், வெள்ளைப் பகுதிகள் பனியாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதினார். பனி என்றால் தண்ணீர்ப் பனி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1898-இல் அயர்லாந்துக்காரரான ஜான்ஸ்டன் ஸ்டோனி, அது கார்பன் டை ஆக்சைடாக இருக்கலாம் என்றார். அது பெரிதாக எடுபடவில்லை.

1965-இல் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்துபோனபோதுதான் அங்கே காற்று எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. மறு ஆண்டே லெய்டன், முர்ரே என்ற இரண்டு அறிவியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: இப்படிப்பட்ட காற்று துருவக் குளிர்காலத்தில் சுமார் மைனஸ் 125 டிகிரியில் தானே உறைந்து தரையில் படிந்துவிடும். 1969-இல் மரினர் 7 தென் துருவத்தின் மேல் பறந்து அதை உறுதிப்படுத்தியது. கல்யாண மேடைகளில் புகை வரவழைக்க ஒரு வெள்ளைக் கட்டியைத் தண்ணீரில் போடுகிறார்களே, அந்த உலர்பனிதான் அது.

அது எளிய செய்தி இல்லை. பூமியின் துருவத்தில் உறைவது காற்றில் இருக்கும் ஈரம். செவ்வாயின் துருவத்தில் உறைவது காற்றேதான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தக் கிரகத்துக் காற்றில் ஏறக்குறைய கால் பங்கு ஒரு துருவத்தில் ஒன்றிரண்டு மீட்டர் கனத்துக்குப் பனியாகப் படிகிறது. வசந்தம் வந்ததும் திரும்ப ஆவியாகி எழும்புகிறது. 1976-இல் தரையிறங்கிய வைக்கிங் கலங்கள் ஆண்டு முழுக்கக் காற்றழுத்தத்தை அளந்தபோது அது ஏறி இறங்கியது இதனால்தான். ஆக, அப்பத்தாவின் கேள்விக்கு நேரான பதில், "உருகாது, அப்படியே ஆவியாகிவிடும்." சூடத்தைத் திறந்து வைத்தால் தண்ணீராகாமலே குறைந்துகொண்டு போகிறதல்லவா, அப்படி.

ஆனால் எல்லாம் போய்விடுவதில்லை. உலர்பனி முழுக்க ஆவியான பிறகும் வட துருவத்தில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளை மிச்சம் நிற்கிறது. வைக்கிங் சுற்றுக்கலங்கள் அதன் வெப்பநிலையை அளந்தன. உலர்பனி நிற்க முடியாத அளவுக்கு வெதுவெதுப்பு, மேலே நீராவி. எனவே அது தண்ணீர்ப் பனி. இரண்டு மூன்று கிலோமீட்டர் கனம். தென் துருவத்தின் மிச்சம் சிறியது, 400 கிலோமீட்டர் அகலம் இருக்கும். அதன் மேல் சில மீட்டர் கனத்துக்கு உலர்பனி கோடையிலும் நீடிக்கிறது; அடியில் தண்ணீர்ப் பனி. தென் துருவத்துப் பனியடுக்குகளில் உள்ள தண்ணீர் எல்லாம் உருகிப் பரவினால் செவ்வாய் முழுவதையும் 11 மீட்டர் ஆழத்துக்கு மூடும் என்று ரேடார் அளவைகள் 2007-இல் காட்டின. செம்மண்ணும் செம்பூரான் கல்லுமாகக் கிடக்கும் நம் சீமையில் ஊருணிக்கு ஊருணி மழைநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாம். அங்கே சிவப்பும் இரும்புத் துருவின் சிவப்புதான். அத்தனை தண்ணீரும் துருவத்தில் பூட்டிக் கிடக்கிறது.

இரண்டு துருவமும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. தென் துருவத்தின் குளிர்காலம் செவ்வாய் சூரியனை விட்டுத் தள்ளி மெதுவாக நகரும்போது வருகிறது, ஆகவே நீளமானது, துருவத்தைத் தொப்பிபோல மூடும் பனி, அதாவது தென் தொப்பி, மிகப் பெரிதாக வளரும். பிறகு சூரியனுக்கு அருகில் வந்ததும், தொலைவில் இருந்ததைவிட 45 சதவீதம் கூடுதல் வெயில் அடித்து மளமளவென்று சுருங்கும். சுருங்கும் வழியில் ஒரு துண்டு பனி தனியாகப் பிரிந்து நிற்கும். 1845-இல் அமெரிக்க வானியலர் மிட்செல் அதைப் பார்த்தார். இன்றைக்கும் மிட்செலின் மலைகள் என்றே பெயர். வட துருவத்தின் வசந்தம் இதற்கு நேர்மாறு: செவ்வாய்க் கிரகத்து நாள் கணக்கில் 194 நாட்கள், நான்கு பருவங்களில் அதுதான் நீளம். பனி நிதானமாகப் பின்வாங்கும். பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கு வட துருவம்தான் ஏற்றது.

இனி கருவி. 2027-இல் வட்டே 13.8 விகலைதான், அதில் பனித்தொப்பி எவ்வளவு தெரியும்? எதிர்நிலை நேரத்தில் வடபாதியில் வசந்தம் முடியப்போகும் கட்டம். தொப்பி அப்போது மூன்று விகலை அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு அங்குல ஆடி 0.8 விகலை இடைவெளியைப் பிரித்துக் காட்டக்கூடியது. ஆக, தாராளமாகத் தெரியும். 70 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கியிலும் நல்ல காற்று அமைந்தால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். 135 மடங்கு பெரிதாக்கினால் வெறும் கண்ணுக்கு நிலா தெரியும் அளவுக்குச் செவ்வாய் ஐபீஸில் தெரியும். நான் 150 முதல் 200 மடங்கோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் போனால் பெரிதாவது நெளிச்சல்தான்.

காற்று அமைதியாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், கருவியின் விலை அல்ல. மொட்டை மாடிக் காங்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை நள்ளிரவு வரை திருப்பித் தந்துகொண்டே இருக்கும்; அந்தச் சூட்டுக்கு மேல் எந்தத் தொலைநோக்கியும் தோற்றுவிடும். முற்றத்திலும் சுற்றி இருக்கும் ஓட்டுக் கூரை கொஞ்ச நேரம் சூடு விடும். சாயங்காலமே முற்றத்துத் தரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆடியை ஆறவிடுங்கள். மாசியில் பனி இறங்கும்; ஐபீஸை ஒரு துண்டால் மூடி வையுங்கள், வாயால் ஊதித் துடைக்க வேண்டாம்.

எதிர்நிலை அன்று செவ்வாய் நம் பக்கத்தில் உச்சிக்கு வருவது இரவு பன்னிரண்டரை வாக்கில். ஆனால் டாப்சோனியன் வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் தொல்லை. குழாய் நேர் மேலே பார்க்கும்போது கிரகத்தைப் பின்தொடர்ந்து தள்ளுவது கடினம்; பீடம் முழுவதும் சுழலவேண்டியிருக்கும். பதினொன்றரைக்கோ ஒன்றரைக்கோ பார்ப்பது சுலபம். அப்போதும் அது உயரத்தில்தான் இருக்கும்.

வடக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. கருவியைத் தொடாமல் விடுங்கள். கிரகம் தானாக நகர்ந்து பார்வைப் புலத்தை விட்டு வெளியேறும் பக்கம் மேற்கு. டாப்சோனியன் மாதிரி ஆடித் தொலைநோக்கியில், அந்தத் திசையை வலது கைப்பக்கம் என்று வைத்துக்கொண்டால் மேல் பக்கம் வடக்கு. லென்ஸ் தொலைநோக்கியில் கோணக் கண்ணாடி போட்டிருந்தால் இது புரண்டுவிடும், மேல் கீழாகிவிடும்.

முதல் பார்வையில் ஒன்றும் தெரியாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு நடுங்கும் உருண்டை, அவ்வளவுதான். பத்து நிமிடமாவது கண்ணை எடுக்காமல் இருங்கள். காற்று இடையிடையே ஒரு விநாடி, இரண்டு விநாடி அசையாமல் நிற்கும். அந்த விநாடியில் தொப்பியின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலத் தெளியும். அதைச் சுற்றி ஒரு கறுத்த கரையும் தெரியும். பிறகு கலைந்துவிடும். மறுபடி வரும். தொப்பி வட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே புடைத்திருப்பது போலவும் தோன்றும். அது கண் செய்யும் வேலை. பளிச்சென்ற பொருள் இருட்டுக்கு எதிரே இருந்தால் அளவுக்கு மீறிப் பெரிதாகத்தான் தெரியும். பழைய வரைபடங்களிலும் அந்தப் புடைப்பு உண்டு.

2018-இல் எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். ஜூலை 27 இரவு முழுச் சந்திர கிரகணம். சிவந்த நிலாவுக்குப் பக்கத்திலேயே சிவந்த செவ்வாய். அவ்வளவு பெரிய வட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, ஆனால் அதில் ஒரு அடையாளமும் இல்லை, பூசணிக்காய்த் துண்டு போல வழவழப்பு. கிரகம் முழுவதையும் தூசிப் புயல் மூடியிருந்தது. தென் துருவத்துப் பனி மட்டும் மங்கலாக ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. மற்ற எதுவும் இல்லாத அந்த இரவுதான் என்னைத் துருவத்தின் பக்கம் திருப்பியது. செவ்வாயின் கருந்திட்டுகள் அது சுழலச் சுழல மறையும், தூசியில் மங்கும். துருவம் அச்சின் நுனி. நம் பக்கம் சாய்ந்திருக்கும் காலம் முழுக்க எந்த மணிக்குப் பார்த்தாலும் அது அங்கேயே இருக்கும்.

ஏமாற்றும் வெள்ளைகளும் உண்டு. 2027-இல் தென் விளிம்பில் ஒரு வெண்மை தெரிந்தால் அதைத் தென் துருவம் என்று குறித்துவிடாதீர்கள். ஹெல்லாஸ் என்ற மாபெரும் பள்ளம் தெற்கே குளிர்காலத்தில் உறைபனியும் மேகமுமாக வெளுத்துக் கிடக்கும்; பழகியவர்களே அதைத் தொப்பி என்று நினைத்திருக்கிறார்கள். அது கிரகத்தோடு சுழன்று சில மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வட துருவத்திலும் இலையுதிர், குளிர் காலங்களில் மேகம் கவிந்து முக்காடு போட்டிருக்கும். முக்காடு நீல ஃபில்டரில் பளிச்சென்று தெரியும், சிவப்பு ஃபில்டரில் மங்கும். பனி இரண்டிலும் பளிச்சிடும். விளிம்பும் வேறு: முக்காட்டின் விளிம்பு கலைந்திருக்கும், பனியின் விளிம்பு கூர்மையாக இருக்கும்.

பார்த்ததை வரைந்து வையுங்கள். ஒரு வளையலை வைத்து வட்டம் போட்டால் போதும். நேரம், தேதி, தொப்பியின் அகலம். கேமரா வைத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கான காட்சிகளை எடுத்து நல்லவற்றை மட்டும் ஒன்றுசேர்த்து அருமையான படம் செய்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனாலும் தொப்பி சிறுத்ததை என் பழைய நோட்டில் பென்சிலால் போட்ட வட்டங்களில் பார்ப்பது எனக்கு வேறாக இருக்கிறது. 2025 ஜனவரியில் வட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வெள்ளையை விட்டிருக்கிறேன். மார்ச்சில் வட்டே சிறுத்துவிட்டது, அதற்குள் வெள்ளை இன்னும் சிறுத்திருக்கிறது.

2027 ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை வட்டு 10 விகலைக்கு மேல் இருக்கும். பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் வைத்துவிட்டு வீடு திரும்பும்போதே செவ்வாய் கிழக்கில் ஏறத் தொடங்கியிருக்கும். தொப்பியும் பெரிதாக இருக்கும். பிப்ரவரியில் உச்சியில். அப்புறம் ஒவ்வொரு வாரமும் பனி கொஞ்சம் குறையும். ஏப்ரல் நடுவில், இங்கே சித்திரை பிறக்கிற அதே வாக்கில், செவ்வாயின் வடபாதியில் வசந்தம் முடிந்து கோடை தொடங்குகிறது. சித்திரைச் செவ்வாய்க்காக வைத்தீஸ்வரன் கோயிலுக்கு, அங்காரகன் சன்னதி உள்ள அந்தத் தலத்துக்கு, இங்கிருந்து நடந்து போகிறவர்கள் முன்னிரவில் அண்ணாந்து பார்த்தால் சிம்மத்தில் அது சிவப்பாக நிற்கும். உலர்பனி அநேகமாக எல்லாம் காற்றோடு போயிருக்கும். தொலைநோக்கியில் அப்போது தெரிகிற சின்ன வெள்ளை, தண்ணீர்.